மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வருமா?

வாசமுள்ள கொடியை வீட்டில் வைத்தால் பாம்பு வரும். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் ஒரு பூங்கொடியைக்கூட நட்டுவிட முடியாது. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தபோது, வாசலில் பந்தல் போட்டு முல்லை, பக்கவாட்டில் ரங்கூன் மல்லி, பின்பக்கம் மனோரஞ்சிதம் என்று என் திட்டத்தைச் சொன்னேன். முதலில் இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்புறம் பந்தலுக்குக் குழாய் நட வந்த மேஸ்திரி. அப்புறம் என் மாமியார், போனில். எல்லாவற்றையும்விட, மனோரஞ்சிதக் கன்றை எனக்கு விற்ற நர்சரிக்காரர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, "வாசப்பக்கம் வேணாம்மா, பின்னாடி வச்சுக்குங்க. வாசத்துக்குப் பாம்பு வரும்னு சொல்லுவாங்க" என்றார். சரக்கு விற்கிறவரே இப்படிச் சொன்னால் வாங்குகிறவள் என்ன செய்வது?

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. சொன்னவர்கள் மண்ணில் வேலை செய்தவர்கள். பெரியம்மாவின் குடும்பம் மதுராந்தகம் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். இருட்டில் மடை திறக்கப் போனவர். நான் பாம்பைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கிண்டி பாம்புப் பண்ணையில், கண்ணாடிக்குப் பின்னால். வரப்பில் பார்த்தவரிடம் போய் அதெல்லாம் சும்மா என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? தவிர, வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். பந்து எங்கே உருண்டாலும் கையை விட்டுத் துழாவுகிறவன். ஆக நட்டேன், ஆனால் நிம்மதியாக நடவில்லை. சாயங்காலம் பந்தலடியில் நாற்காலி போட்டு உட்காரும்போதெல்லாம் வாசத்தோடு சேர்ந்து அந்த வாக்கியமும் வந்துவிடும்.

சாயங்காலத்து வாசம் யாருக்கு

முல்லை மொட்டு பகலெல்லாம் ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். பூக்கட்டுகிறவர்கள் மொட்டாகத்தான் பறிப்பார்கள். கொடியிலேயே விட்டுவைத்தால் பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழும், வாசம் கிளம்பும். பறித்து நாரில் கட்டிய மொட்டும் இரவில் விரிந்து மணக்கிறது. மணக்கிற மல்லிகை வகைகள் அப்படித்தான், பறித்த பிறகும் பூ வாசத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மதியம் வாங்கிய சரம் ராத்திரி அதிகமாக மணப்பதற்குக் காரணம் இதுதான். ரங்கூன் மல்லி வேறு மாதிரி. அந்தி நேரத்தில் வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வெள்ளையாக இருக்கும் முதல் இரவில் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகள் வருகின்றன. நிறம் மாறிய பிறகு பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வருகின்றன. இருட்டில் பூச்சியைக் கூப்பிட நிறம் உதவாது, வெள்ளையும் வாசமும்தான் உதவும். நாம் ஜன்னலைத் திறந்துவைத்து ரசிப்பதெல்லாம் அந்தப் பூச்சிக்குப் போட்ட விருந்தில் நமக்குக் கிடைத்த பங்கு.

மனோரஞ்சிதம் இந்தக் கூட்டத்தில் சேராது. அது சீத்தாப்பழத்தின் குடும்பம். இதழ்கள் தடிப்பாக, முதலில் பச்சையாக இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். அப்போது வாசம் இல்லை. மஞ்சளாகப் பழுக்கும்போதுதான், ஆமாம், பழுக்கும்போது என்றுதான் சொல்ல வேண்டும், தெருமுனை வரை மணக்கும். எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறோமோ அந்தப் பழத்தின் வாசம் வரும் என்பார்கள். என் பாட்டி வீட்டுக் கொல்லையில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று இருந்தது. பாட்டிக்கு அதில் பலாப்பழம், எனக்கு எப்போதும் வாழைப்பழம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பழங்களுக்கு மணம் தருகிற எஸ்டர் வகைச் சேர்மங்கள் அந்தப் பூவிலும் இருக்கின்றன. அதன் விருந்தாளி அந்துப்பூச்சி இல்லை, வண்டு. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: அந்தக் கொடி ஏறுவது பூக்காம்பால். காம்பே கொக்கியாக வளைந்து கெட்டிப்பட்டுப் பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்கிறது. பூ உதிர்ந்த பிறகும் கொக்கி நிற்கும். பாட்டியின் புடவைத் தலைப்பு அதில் மாட்டாத நாளே கிடையாது.

சரி, பாம்பு? பாம்புக்கு வாசம் தெரியும், நன்றாகவே தெரியும். நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கிறதே, அது காற்றிலும் தரையிலும் இருக்கும் துகள்களைத் தொட்டெடுத்து மேலண்ணத்தில் உள்ள உணர்வுறுப்புக்குக் கொண்டுபோகத்தான். அதற்கு யாக்கப்சன் உறுப்பு என்று பெயர். எலி போன தடம், தவளை இருக்கும் திசை, துணை தேடும் காலத்தில் பெண்பாம்பின் தடம், இதெல்லாம் அதற்குத் தேவையான செய்தி. மல்லிகை மொட்டு அவிழ்ந்தது அதற்குச் செய்தியே இல்லை. பூவைத் தின்கிற பாம்பு கிடையாது.

இதையெல்லாம் ஒருநாள் பெரியம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டே, "அப்ப எங்க ஊரு ஏரிக்கரை தாழம்புதருல நான் பாத்ததெல்லாம் என்ன, கயிறா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் பார்த்திருக்கிறார். என் விளக்கத்தில் அந்தப் பார்வைக்கு இடமே இருக்கவில்லை. எனக்கு உறுத்தியதும் அதுதான். படித்தது சரி, பார்த்ததும் சரி என்றால் நடுவில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

மேலே பார்க்காத மனிதர்

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அது வந்தது. முல்லைப் பந்தலின் அடியிலிருந்து புறப்பட்டு, பக்கத்துக் காலி மனையின் சுவரோரமாக, அவசரமே இல்லாமல் போனது. என் உயரத்துக்கு மேல் இருக்கும். பையன் ஜன்னலில் இருந்து கத்தினான். பெரியம்மா அவர் வீட்டுப் படியில் நின்றபடி, "சொன்னேனா இல்லையா?" என்றார். குரலில் பயத்தைவிடத் திருப்தி அதிகம்.

எங்கள் பக்கம் பாம்பு பிடிப்பதில் பேர்போன இருளர் பழங்குடிகளின் பூமி. 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. இந்த வட்டாரத்து இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தெருக்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்த பாம்பு பிடிப்பவர் ஒருவரைக் கூப்பிட்டார். மத்திய வயது, ஒல்லியான உடம்பு, காலில் சாதாரண ரப்பர் செருப்பு, கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு துணிப்பை.

"பந்தல்ல பாருங்கண்ணே, அங்கதான் இருந்திருக்கும்" என்றேன். பந்தல் அன்றைக்குப் பச்சைக் கூரையாக நின்றது, மழைக்கு முல்லை தளதளவென்று இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பந்தலுக்குள் குனிந்து வந்து, முல்லையின் தண்டு மண்ணில் இறங்கும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மழையில் அடிக்கொம்புகள் தழைத்துத் தரையில் படர்ந்திருந்தன. அவற்றைக் கம்பால் ஒதுக்கினார். ஈர மண்ணில் எதையோ பார்த்தார். நான் பார்த்தபோது வெறும் மண். அங்கிருந்து சுவரோரமாகவே குனிந்தபடி நடந்தார். ஓரிடத்தில் நின்று, அரிசி அளவில் கிடந்த எலிப்புழுக்கையை விரலால் தள்ளினார். காலி மனைக்காரர்கள் எப்போதோ இறக்கிப் போட்டுவிட்டுப் போன செங்கல் அடுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பாதி புல் மூடிக் கிடக்கும். அதன் இடுக்கிலிருந்து காகிதம்போல ஒரு துண்டு பாம்புச் சட்டையை உருவி எடுத்துக் காட்டினார். "இங்கதாம்மா குடித்தனம்." செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வால் தெரிந்ததும் பிடித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பின்வாங்கியதைத் தவிர அதில் ஆர்ப்பாட்டமே இல்லை.

"சாரை. விஷம் கிடையாது. எலி தின்னுட்டுத் திரியுது பாவம்" என்றார். பெரியம்மா விடவில்லை. "பூ வாசத்துக்குத்தானப்பா வந்துச்சு?" அவர் சிரித்தார். "பூ வாசம் நமக்கும்மா. அதுக்கு எலி வாசம்." பிறகு என்னைப் பார்த்து முல்லையின் அடியைக் காட்டினார். "இதைத் தூக்கிக் கட்டுங்க. அடி தெரியணும். வெளிச்சம் படுற எடத்துல அது தங்காது, எலியும் தங்காது."

பாம்பு பைக்குள் போன பிறகும் பெரியம்மாவுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சாரை வந்தால் பின்னாலேயே நாகமும் வரும், இரண்டும் ஜோடி என்று. பாம்பு பிடித்தவர் அதற்கும் இல்லை என்றார். நாம் பின்னிப் பிணைந்து ஆடுவதாகப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காக மல்லுக்கட்டுவது. அதைக் கேட்டதும் பெரியம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஏமாற்றம் தெரிந்தது.

எனக்கோ, விட்டுப்போன துண்டு அவர் குத்தவைத்து உட்கார்ந்த அந்த நொடியில் கிடைத்துவிட்டது. பெரியம்மா ஏரிக்கரையில் பார்த்ததும் நிஜம்தான். தாழை நீர்க்கரையில் புதராக அடர்கிறது, அங்கே தவளையும் எலியும் மண்டுகின்றன, பாம்பு அவற்றுக்காக வருகிறது. தாழம்பூ அங்கே மணப்பது தனிக் கதை. வாசமும் பாம்பும் ஒரே இடத்தில் இருந்ததால், ஒன்று மற்றதைக் கூப்பிட்டதாக நமக்குத் தோன்றிவிட்டது. மனோரஞ்சிதமும் அப்படியே. கொல்லைக் கடைசியில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், யாரும் வெட்டாமல் விட்டுவிட்ட புதர். தவிட்டு மூட்டை பக்கத்திலேயே. பாட்டி வீட்டில் பாம்பு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடி தெரியணும்

அதற்குப் பிறகு நான் கொடி வளர்க்கும் விதமே தலைகீழாகிவிட்டது. பந்தலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடியைப் பார்க்கிறேன். வயலில் முல்லை போடுகிறவர்கள் பந்தல் போடுவதில்லை. ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு மொத்தத்தையும் வெட்டிக் கவாத்து செய்துவிடுகிறார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, 50 சென்டிமீட்டர். பிச்சிக்கு டிசம்பர் கடைசி. புதுத் துளிரின் நுனியில்தான் பூ என்பதால், வெட்டாத கொடி வருஷம் போகப் போக விறகாகி, இலை மட்டும் காட்டும். வீட்டில் நிழலும் வேண்டும் என்பதால் நான் வயல்காரர்கள் அளவுக்குப் போவதில்லை. இரண்டு மூன்று தாய்த்தண்டுகளை மட்டும் பந்தல் வரை மொட்டையாக ஏற்றிவிட்டு, முழங்கால் உயரம் வரை ஓர் இலைகூட இல்லாமல் கிள்ளிவிடுகிறேன். மேலே பரந்திருப்பதை ஜனவரி கடைசியில் தாட்சண்யம் இல்லாமல் வெட்டுகிறேன், உள்ளே பின்னிக் கிடக்கும் காய்ந்த குச்சிகளையும் சேர்த்து. வெட்டிய கையோடு தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கொத்திவிட்டுத் தண்ணீர். சில வாரங்கள் பந்தல் பார்க்கச் சகிக்காது. வெயில் ஏறும்போது கொழுந்தும் அதன் பின்னாலேயே மொட்டும் கிளம்பிவிடும்.

பூக்கிற கொடியை வெட்டுவதா என்று பெரியம்மா அதற்கும் சண்டைக்கு வந்தார், அன்று வெள்ளிக்கிழமை வேறு. சனிக்கிழமை வெட்டினேன்.

தோட்டக்கலை வீடியோ போடுகிற எல்லோரும் மூடாக்கு, மூடாக்கு என்கிறார்கள். காய்ந்த இலையைத் தடிமனாகப் போட்டால் ஈரம் காக்கும், மண்புழு வரும் என்பது உண்மை. காய்கறிப் பாத்தியில் நானும் போடுகிறேன். ஆனால் காலி மனைகளுக்கு நடுவே இருக்கும் வீட்டில், குழந்தை ஓடுகிற வாசலில், கொடியின் அடியில் கணுக்கால் அளவுக்கு இலைக் குப்பையை நான் போடமாட்டேன். ஈரம் குறைந்தால் இன்னொரு வாளி ஊற்றிக்கொள்கிறேன். காலித் தொட்டிகளை அடுக்கிவைப்பது, தேங்காய் மட்டையைச் சாத்திவைப்பது, தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேங்க விடுவது, எல்லாம் எலிக்கும் தவளைக்கும் வாடகை இல்லாத வீடு. பாம்பு கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் இவர்கள் வந்துவிடுகிறார்கள்.

அடியைப் பார்க்கப் பழகியதில் வேறு சில விஷயங்களும் சீக்கிரம் கண்ணில் படுகின்றன. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் முல்லையின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் வெளுத்துப்போகும். இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துத் தெளித்தால் தேறுகிறது. மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே நின்றால் மொட்டு ஈ, மொட்டில் ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. வீட்டுக் கொடிக்கு மருந்தடித்து அந்தப் பூவையே தலையில் வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கெட்ட மொட்டைக் கிள்ளி எறிவதோடு சரி. ரங்கூன் மல்லிக்கு நோய் என்றே நான் பார்த்ததில்லை. அதன் தொல்லை அதன் பலம்தான். மெல்லிய கம்பியில் ஏற்றினால் கம்பி தொய்ந்து தரைக்கு வந்துவிடும். வேரிலிருந்து எங்கெங்கோ முளைக்கும். இரும்புக் குழாயில் ஏற்றி, வருஷம் ஒருமுறை பாதியாக வெட்ட வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். கொடிக்குப் பாம்பே வராது என்று எழுதினால் அது பொய். பச்சைப்பாம்பு கொடியிலேயே வாழ்கிற ஜீவன். எங்கள் ரங்கூன் மல்லியில் ஒன்று வந்து, ஓணானைக் குறிவைத்து, தானும் ஒரு கொடித் தண்டாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்துக் கொல்கிறார்கள். அது யார் கண்ணையும் கொத்துவதில்லை. அதன் விஷம் பல்லிக்கும் ஓணானுக்கும் போதும், மனிதரை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. கொம்பேறிமூக்கனும் கொடியில் வரலாம். கடித்தவரின் பிணம் எரிகிறதா என்று மரமேறிப் பார்க்கும் என்று கதை கட்டப்பட்ட அந்த அப்பாவிக்கு விஷமே இல்லை. இரண்டும் வருவது பச்சைக்காகவும் இரைக்காகவும்தான். வாசமே இல்லாத அவரைப் பந்தலுக்கும் வரும். அவரைப் பந்தல் போடாதே என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இந்த வாதத்தைப் பெரியம்மாவிடம் வைத்தேன். கொஞ்சம் யோசித்தார். முல்லை விஷயத்தில் இறங்கிவந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். போன கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளில் பென்சில் தடிமனாகப் பார்த்து ஐந்தாறு பொறுக்கிக்கொண்டு போய், சமையலறைக் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் சாய்வாக ஊன்றினார். இரண்டு துளிர்த்திருக்கிறது. தினமும் காலையில் அதன் அடியைச் சுத்தமாகக் கூட்டிவிடுகிறார். ஆனால் மனோரஞ்சிதம் பற்றி அவர் தீர்ப்பில் மாற்றமில்லை. "முல்லைக்கு வராது. அதுக்குத்தான் வரும். பூக்கட்டும், பாரு" என்கிறார். என்னுடையது விதையில் வந்த கன்று, பூக்கச் சில வருஷம் பிடிக்கும். இப்போதைக்குக் கொக்கிகூட வரவில்லை. அதுவரை எங்கள் வழக்கு வாய்தாவில்தான் இருக்கிறது.